தட்டும் காலும்

நேசம்மாள் வருகிறாள் என்பது கண்ணுக்குத் தெரியும் முன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும். தடிக்காரன்கோணத்தில் வடசேரி பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் திரும்பிப் பார்க்காமலே, "கிராம்பு அக்கா, முன்னால போங்க, சீட்டு கெடக்கு" என்பார். சேலையை எத்தனை முறை அலசினாலும் அந்த மணம் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் உட்காரும் பெஞ்சைப் பல்வலிக்காரர்கள் தேடிப் பிடித்து உட்காருகிறார்கள் என்று சபையில் ஒரு கேலி உண்டு. கேலி பேசுகிறவர்கள் வீட்டு அலமாரியிலும் அவளுடைய எண்ணெய்க் குப்பி ஒன்று நிற்கும்.

கீரிப்பாறை போகிற ரோட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே தகரம் வேய்ந்து நிற்பது எண்ணெய் வடிக்கிற அவளுடைய வாற்றுப்புரை. மாறாமலை எஸ்டேட்டுகளில் கிராம்பு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலையைப் பெண்கள் அரித்துக் கூட்டி, சாக்கில் கட்டி, ஜீப்பில் இறக்குவார்கள். அந்த இலையை ஆள் இறங்கி நிற்கும் அளவு பெரிய செம்பில் அடைத்து, அடியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டால், ஆவி இலைக்குள் புகுந்து எண்ணெயையும் தூக்கிக்கொண்டு குழாய் வழியாக வந்து, தொட்டித் தண்ணீரில் குளிர்ந்து சொட்டும். புல்தைலமாக இருந்தால் தண்ணீருக்கு மேலே மிதக்கும். கிராம்பு எண்ணெய்க்குக் கனம் அதிகம், நேரே அடிக்கு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். "எனக்க எண்ணெய் மிதக்காது" என்று நேசம்மாள் சொல்லும்போது, மிதக்கிற எண்ணெய்களெல்லாம் கொஞ்சம் தரம் குறைந்தவை என்று தோன்றும்.

செம்பில் இலையை அடைப்பதில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. தளர்த்தி அடைத்தால் ஆவி சந்து கண்ட பக்கம் ஓடிவிடும். இறுக்கிவிட்டால் மேலே ஏறவே ஏறாது. அதனால் ஆள் உள்ளே இறங்கி, வெறுங்காலால் சுற்றிச் சுற்றி மிதிக்க வேண்டும். கணவர் ரசலையன் உயிரோடு இருந்த காலத்திலேயே மிதிப்பது நேசம்மாளின் வேலை. அவர் போன பிறகு எல்லா வேலையும் அவளுடையதாயிற்று. தீப்போடத் தாணுலிங்கம் இருந்தான். வேறு யாரையும் செம்புக்குள் இறங்க அவள் விட்டதில்லை.

புரையின் சுவரில் மூன்று படங்கள் தொங்கின. ஒன்று ரசலையன். ஒன்று வேத வசனம். மூன்றாவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள், "இது என்னது, தோசையா?" என்று கேட்பார்கள். அது மகள் ஜாஸ்மி நுண்ணுயிரியல் படித்தபோது எடுத்த படம். கண்ணாடித் தட்டில் கடற்பாசிக் கூழை உறையவைத்து, புண்ணில் சீழ் வைக்கிற கிருமியை அதன்மேல் பூசி, நடுவில் அம்மாவின் எண்ணெயில் நனைத்த பொட்டளவு காகிதத்தை வைத்திருந்தாள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி பாலாடையாகப் படர்ந்திருந்தது. காகிதத்தைச் சுற்றி மட்டும் வட்டமாக, துடைத்துவிட்ட மாதிரி, ஒன்றுமே இல்லை. கல்லூரியில் அதற்குப் பரிசு கிடைத்தது. நேசம்மாள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மகள் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் புரையில் மாட்டினாள்.

எண்ணெயில் முக்கால்வாசிக்கு மேல் யூஜினால் என்ற ஒரு பொருள், மிச்சத்தில் கேரியோஃபிலினும் சில்லறையாக வேறு சிலவும் என்று ஜாஸ்மி அப்போது விளக்கியிருந்தாள். யூஜினால் கிருமியின் மேல்தோலைக் கிழித்து உள்ளே இருப்பதை ஒழுகவிட்டுக் கொல்லும் என்றும் சொன்னாள். நேசம்மாளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. யூஜினாலை யூஜினா ஆக்கி, தூரத்துச் சித்தி ஒருத்தியைப் போல எல்லோரிடமும் பேசினாள். "யூஜினா இருக்காள்லா, அவ ஒருத்தனையும் விடமாட்டா." சபையில் எழுந்து நின்று, உதிர்ந்த இலைக்குள் கர்த்தர் மருந்து வைத்தார் என்று சாட்சியும் சொன்னாள். போதகர் அல்லேலூயா சொன்னார். கத்தாரில் இருந்த மகன் பிபின் அதை வீடியோவாக்கிப் போட, எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் புண்ணோடு வந்தார்கள்.

ஜாஸ்மி தக்கலையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து, ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை வீடு வருவாள். ஐப்பசியில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, புரையில் அம்மாவோடு கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஈயைப் பார்த்தாள்.

அந்தப் புரைக்குள் ஈ வராது. பலாப்பழத்தை வெட்டி வைத்தாலும் வராது. கிராம்பு நெடிக்கு வாசலோடு திரும்பிவிடும். அன்று ஒன்று வந்தது. அடுத்து இன்னொன்று. இரண்டும் நேரே போய் நேசம்மாளின் வலது காலில் சுற்றியிருந்த துணிமேல் உட்கார்ந்தன.

"காலுல என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கங்கு பட்டிருக்கும் போல. எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்."

"எப்பம் பட்டுது?"

"யாருக்குத் தெரியும்? நோவினால்லா தெரியும்."

ஜாஸ்மி துணியை அவிழ்த்தாள். துணிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கவரும் கட்டியிருந்தது, எண்ணெய் காயாமல் இருக்க. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்துப்போயிருந்தன. அடியில் சதை வெந்த கிழங்கு மாதிரி வெளுத்து, குழி விழுந்திருந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனபோதுதான் கிராம்புக்குக் கீழே இருந்த இன்னொரு வாடை அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் எண்ணெய் அதை மூடி வைத்திருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க அந்த வாடையோடு கிடப்பவளுக்குச் சொந்த வீட்டில் ஓர் ஈ வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எந்திரி. ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்பமே."

"எதுக்கு?"

"எதுக்கா? உனக்குச் சுகர் இருக்கு. காலு அழுவுது."

"சும்ம இரி பிள்ளே. மொதல்ல எரிஞ்சுது. எண்ணெய் போட்டேன், எரிச்சல் நின்னாச்சு. இப்பம் ஒரு நோவும் இல்ல. ஆறுதது."

"நோவு இல்லங்கியதுதான் தீனம். சுகர்காரிக்குக் காலு மரத்துப் போவும். அதுக்கு மேல நீ மரக்க வைக்கிய எண்ணெயையும் ஊத்தியிருக்கே."

"அப்பம் அதென்னது?" நேசம்மாள் சுவரைக் காட்டினாள். "நீ எடுத்த படந்தானே? கிருமி செத்துக் கெடக்கா இல்லியா?"

ஜாஸ்மி படத்தைப் பார்த்தாள். தன் கையாலேயே வைத்த காகிதம், தன் கையாலேயே எடுத்த படம்.

"அது வேற கிருமிம்மா. உனக்க காலுல இருக்கது என்னதுன்னு தெரியாதுல்லா. மருந்துக்கு மசியாத கிருமி எவ்வளவோ இருக்கு."

"அப்படின்னா எனக்க புண்ணுல இருந்து எடு. எடுத்து அந்தத் தட்டுல போடு. சாவல்லேன்னா நீ சொல்லுத எடத்துக்கு நான் வாறேன். செத்துதுன்னா இந்தப் பேச்சே எடுக்கப்பிடாது. சரியா?"

அந்த இடத்தில்தான் ஜாஸ்மி தவறு செய்தாள். படித்த பிள்ளை, அம்மாவின் புண்ணில் இருப்பது எண்ணெய்க்கு அடங்காத கிருமியாகத்தான் இருக்கும் என்று நம்பி, சரி என்று தலையாட்டிவிட்டாள். புண்ணில் பஞ்சுக் குச்சியை ஒற்றி எடுத்துத் தக்கலைக்குக் கொண்டுபோனாள்.

கிருமி முளைத்துத் தட்டு பேசுவதற்குள், காலைப் படம் எடுத்து ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். இரண்டு விரல்கள் கண்டிப்பாகப் போகும், இப்போதே வந்தால் பாதம் நிற்கும், தள்ளிப்போட்டால் எதுவரை போகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். தட்டு என்ன சொன்னது? அம்மாவின் புண்ணிலிருந்து வந்த கிருமி தட்டெங்கும் தழைத்து நின்றது. எண்ணெய்க் காகிதத்தைச் சுற்றி வட்டம். பரிசு வாங்கிய வட்டத்தைவிடப் பெரிய வட்டம்.

ஜாஸ்மி அந்தத் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொய் சொல்லிவிடலாம். சாகவில்லை என்று ஒரு வார்த்தை, முடிந்தது. ஆனால் பொய் சொன்னால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்பது ஒரு பக்கம். தட்டு சொன்னதை மாற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வராது என்பது மறுபக்கம். லீவு சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

"செத்துது" என்றாள் புரை வாசலில் நின்றபடியே.

நேசம்மாள் சிரித்த சிரிப்பில் தாணுலிங்கம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "பாத்தியாலே தாணு? யூஜினா யாருன்னு நெனச்சா இவ?" உடனே பிபினை வீடியோவில் பிடித்தாள்.

"எம்மா, அப்பம் நல்லதா போச்சு" என்றான் பிபின். அவன் தலைக்குமேல் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "ஜாஸ்மி, நீதானே டெஸ்ட் எடுத்தே? நீயே இப்பம் மாத்திப் பேசினா என்ன அர்த்தம்?"

"அர்த்தம் நான் சொல்லுதேன், நீ லீவு போட்டு வந்து அம்மைக்க காலை மோந்து பாரு" என்றாள் ஜாஸ்மி. அவன் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

"நான் சொன்ன வாக்கை மாத்துதேன்ம்மா. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும்."

"தட்டுல செத்தது காலுல சாவாதா?"

"தட்டுல கிருமி மட்டுந்தான் இருக்கு. அங்க ரத்தம் இல்ல, சதை இல்ல, நரம்பு இல்ல. காலுல எல்லாம் இருக்கு. கிருமிக்க மேல்தோலைக் கிழிக்குது இல்லியா உனக்க யூஜினா? நம்ம சதையும் அதே மாதிரி பொடிப்பொடித் தோலுக்குள்ளதான் இருக்கு. அவளுக்கு நம்ம ஆளு, அவன் ஆளுன்னு தெரியாது. ரெண்டையும் கிழிப்பா. அடியில ஆழத்துல இருக்கவனை அவளால தொடவும் முடியாது."

"பல்லுக்கு வைக்கியோம். வாய் வெந்தா போச்சு?"

"பல்லுக்குப் பஞ்சுல ஒரு தொட்டு. நீ காலைக் குளிப்பாட்டி, கவரைப் போட்டுக் கட்டி வச்சிருக்கே."

நேசம்மாளின் முகம் இறுகியது. உள்ளே கிடந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தாள். "ஏட்டி, நம்ம சபையில இருக்க ஸ்டெனிக்க அம்மை காலுல புண்ணுன்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. முட்டுக்குக் கீழ ஒண்ணும் இல்லாம வந்தா. இப்பம் கட்டில்ல கெடந்துக்கிட்டு, மருமவ தந்தா தின்னுதா, தரல்லேன்னா இல்ல. நான் செம்புல எறங்கி மிதிக்கணும். காலு போனா எனக்கு என்ன இருக்கு? சொல்லு. இந்தக் காலுதான் நான்."

இதற்கு மேல் பேச்சில்லை என்று எழுந்து போனாள். நடையில் வலது கால் லேசாக இழுத்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

மறுநாள் காலையில் மழை சற்று ஓய்ந்திருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்த இலைச் சாக்குகள் அடுக்கியிருந்தன. தாணுலிங்கம் ரப்பர் விறகை அடுக்கித் தீ மூட்டிக்கொண்டிருந்தான். நேசம்மாள் சேலையை வரிந்து கட்டி, செம்பின் விளிம்பில் கையை வைத்தபோது ஜாஸ்மி குறுக்கே வந்தாள்.

"நீ எறங்காண்டாம். நான் மிதிக்கேன்."

"உனக்கு வராது."

"வரல்லேன்னா சொல்லித் தா. அந்தக் காலை வச்சு நீ இலையில எறங்கப்பிடாது."

தாணுலிங்கம், "பிள்ளை மிதிக்கட்டும் அக்கா" என்று மெதுவாகச் சொன்னான். நேசம்மாள் அவனை முறைத்தாள். முறைத்தாலும் விளிம்பை விட்டாள்.

ஜாஸ்மி இறங்கவில்லை. முதலில் மூலையிலிருந்த எண்ணெய்க் கேனைத் திறந்தாள். வெள்ளைத் துணியை நாலாக மடித்து, எண்ணெயில் முக்கி, இடது முழங்கையின் கீழே உள்பக்கமாக வைத்தாள். மேலே பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அம்மா கட்டுகிற மாதிரியே இறுக்கிக் கட்டினாள்.

"என்னட்டி செய்யுதே?"

"உனக்குச் செய்யுத வைத்தியம்தான்."

"உனக்குக் கையில என்ன?"

"ஒண்ணும் இல்ல. புண்ணு இல்ல, கிருமி இல்ல, சுகர் இல்ல. நல்ல கையி. நீ பெத்த கையி. இந்தச் செம்புல எண்ணெய் எறங்கித் தீருத வரைக்கும் கெடக்கட்டும். பெறவு அவுத்துப் பாப்போம்."

"கழத்துட்டி. வேலையத்த வேலை."

"ஏன்? ஆறத்தானே செய்யும்?"

"கழத்துன்னு சொன்னேன்."

"நீ காலுக் கட்டைக் கழத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வா. நான் கைக் கட்டைக் கழத்துதேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். ஒரே மூக்கு, ஒரே நாடி, ஒரே பிடிவாதம். தாணுலிங்கம் விறகைத் தள்ளுவது போலத் தலையைக் குனிந்துகொண்டான். நடுவில் போனால் இரண்டு பக்கமும் அடி விழும் என்று அவனுக்குத் தெரியும்.

"கெடக்கட்டும்" என்றாள் நேசம்மாள். "அவுக்கும்போ உனக்கே தெரியும். எறங்கு."

ஜாஸ்மி செம்புக்குள் இறங்கினாள். தாணுலிங்கம் சாக்கைக் கவிழ்த்தான். காய்ந்த இலை முழங்கால்வரை ஏறியது. மிதிக்க மிதிக்க இலை நொறுங்கி, காரமான நெடி கிளம்பிக் கண்ணில் நீர் வந்தது. "ஓரமா மிதி. நடுவுல மிதிச்சா கிண்ணம் மாதிரி குழி விழும். ஓரம், ஓரம். இப்பம் நடுவு. மெதுவா. நீ என்ன பாம்பையா மிதிக்கே?" என்று வெளியே நின்று நேசம்மாள் சத்தம் போட்டாள். மூன்று அடுக்கு மிதித்து முடிக்கும்போது ஜாஸ்மியின் கட்டுக்குள் எரிச்சல் தொடங்கியிருந்தது. அவள் காட்டிக்கொள்ளவில்லை.

மூடியைப் போட்டு, இடுக்கில் மாவுக் களியை அப்பி அடைத்து, தீயை ஏற்றினார்கள். முதல் சொட்டு விழ நேரம் ஆகும். வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கு அவித்ததும், சாளை மீன் புளிமுளக் குழம்பும், காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் வந்தன. வழக்கமாக அம்மாவும் மகளும் மீன் துண்டுக்கு அடித்துக்கொள்வார்கள். அன்று நேசம்மாள் பெரிய துண்டுகளை எடுத்து மகளின் இலையில் வைத்தாள். ஜாஸ்மி அதைத் திரும்ப அம்மாவின் இலையில் வைத்தாள்.

"எரியுதா?" நேசம்மாள் கிழங்கைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எரியுது."

"நல்லா?"

"நல்லா எரியுது."

"எனக்கும் அப்படித்தான் இருந்துது. பெறவு நின்னுரும்."

மலைப்பக்கம் இடி உருண்டது. வானம் கறுத்து, தகரத்தின்மேல் மழை கொட்டத் தொடங்கியது. காது கேட்கவில்லை. ஒழுகுகிற இடங்களில் தாணுலிங்கம் வாளி வைத்தான். குழாயில் முதல் சொட்டு விழுந்தது. கண்ணாடிக் குடுவையில் வெள்ளை வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர் நிறைந்து, அதன் அடியில் மஞ்சளாக எண்ணெய் சேரத் தொடங்கியது. மற்ற நாட்களில் அந்த மஞ்சளைப் பார்த்தால் நேசம்மாளின் முகம் மலரும். அன்று அவள் கண் குடுவைக்கும் மகளின் கைக்குமாகப் போய்வந்தது. வேலை நடந்துகொண்டே இருந்தது. தொட்டித் தண்ணீர் சூடேறாமல் மாற்றினார்கள். தீ தாழாமல் பார்த்தார்கள். ஜாஸ்மி ஒற்றைக் கையால் விறகு எடுத்துக் கொடுத்தாள்.

"போதும் பிள்ளே, அவுத்துரு" என்று தாணுலிங்கம் சொன்னான்.

"செம்புல எண்ணெய் எறங்கித் தீரல்லியே மாமா."

மழை சற்றுத் தணிந்தபோது நேசம்மாள் மறுபடி கேட்டாள். "இப்பம்?"

ஜாஸ்மி யோசித்தாள். பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இப்பம் எரியல்ல."

"பாத்தியா!" நேசம்மாள் துள்ளாத குறை. "நான் என்ன சொன்னேன்? கேட்டுது பாரு! எரிச்சலை எடுத்தாச்சுல்லா? இதைத்தான் நான் காலைல இருந்து கெடந்து கத்துதேன்."

ஜாஸ்மி அடுத்த விறகை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குப் பாடமாகத் தெரியும், ஆனால் சொந்தக் கை அல்லவா. ஒருவேளை ஒன்றுமே ஆகாமல் போனால் என்ற பயமும் கூடவே இருந்தது. அப்படிப் போனால் அம்மாவின் காலும் போகும்.

சொட்டு மெலிந்து, குடுவையில் எண்ணெய் கூடுவது நின்றது. வெயில் ஒரு கீற்று ரப்பர் மரங்களுக்கு இடையே வந்து விழுந்தது. ஜாஸ்மி வாசலில் வெளிச்சத்துக்கு வந்து, கையை நீட்டினாள்.

"நீயே அவுரு."

நேசம்மாள் கவரைப் பிரித்தாள். துணியைத் தூக்கினாள். துணியோடு தோலும் வந்தது.

வந்த இடத்தில் கை சிவந்து, நடுவில் வெளுத்து, ஓரமெல்லாம் கொப்புளம் கட்டியிருந்தது. அவித்த கிழங்கின் நிறம். அந்த நிறத்தை நேசம்மாள் தினமும் காலையில் குனிந்து பார்க்கிறவள்தான்.

"ஐயோ மக்கா" என்றான் தாணுலிங்கம்.

ஜாஸ்மி வலது கை விரலால் அந்த வெளுத்த இடத்தை அழுத்தினாள். தண்ணீர் கசிந்தது. "பாரு. எனக்கு நோவல்ல. அழுத்துதேன், நோவல்ல. நாளைக்கு மரப்பு விட்டா நோவும், எனக்கு நரம்பு இருக்கு. உனக்கு நாளைக்கும் நோவாது. இங்க கிருமி இருந்துதா? எதைக் கொன்னுது இது? சொல்லு. இங்க யாரும்மா இருந்தா கொல்லுததுக்கு?"

நேசம்மாள் கையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு ஓங்கி மகளின் தோளில் ஓர் அடி வைத்தாள். நிஜமான அடி. "பாவி. எனக்க எண்ணெயை எடுத்து எனக்கே காட்டுதியா? கல்யாணம் ஆவாத பிள்ளை, கையை வேவ வச்சிட்டு நிக்கா! அறிவு இருக்கா உனக்கு? படிச்சு என்னத்துக்கு?" இன்னொரு அடி. அப்புறம் அதே தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஜாஸ்மியும் அழுதாள். அம்மாவின் தலைமுடியில் கிராம்பு மணத்தது.

அழுது முடித்துத் தலைப்பால் மூக்கைத் துடைத்ததும் நேசம்மாள் பழைய ஆளாகிவிட்டாள். கீழே உட்கார்ந்து தன் கால் கட்டை அவிழ்த்து, அதை அடுப்புத் தீயில் எறிந்தாள்.

"லே தாணு, தீயை இழுத்துப் போடு. ஆட்டோவுக்குச் சொல்லு. எண்ணெயை வடிச்சு எடுத்து வை, எவர்சில்வர்ல ஊத்து. இரும்பு டின்னுல ஊத்தினா கறுத்துப் போவும், சொல்லிட்டேன்."

"நீங்க போங்க அக்கா, நான் பாத்துக்கிடுதேன்."

"பாத்துக்கிடுவே, பாத்துக்கிடுவே." ஆட்டோவில் ஏறும்வரை அவள் குடுவையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆசாரிப்பள்ளத்தில் டாக்டர், இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கோபப்பட்டார். நேசம்மாள் அவரைவிடக் கோபமாகப் பதில் சொன்னாள். "வந்தாச்சுல்லா? வெட்டுததை வெட்டுங்க. ஆனா மிதிக்கதுக்கு எனக்குக் காலு வேணும். முட்டுக்குக் கீழ ஒண்ணும் இல்லாம அனுப்பினீங்கன்னா இந்த வாசல்லயே உக்காந்திருப்பேன்." டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னபடி இரண்டு விரல்கள் போயின. புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், ஊசியும் மருந்துமாக நாட்கள் நகர்ந்தன. பாதம் நின்றது.

வீடு திரும்பி, நடக்க அனுமதி கிடைத்த முதல் ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் நேசம்மாள் எழுந்தாள். சாட்சி சொன்னவர்கள் யாரும் அதைத் திருத்திச் சொன்னதாக அந்தச் சபையில் சரித்திரம் இல்லை. "நான் முன்ன சொன்னது பாதிதான்" என்று ஆரம்பித்தாள். "இலைக்குள்ள கர்த்தர் மருந்து வச்சது நிசம். அதை எங்க வைக்கணும்னு சொல்லித்தர ஆஸ்பத்திரியும் வச்சிருக்காரு. அதை நான் சொல்லல்ல. எனக்க பேச்சைக் கேட்டுப் புண்ணுல எண்ணெய் ஊத்தினவங்க யாராவது இருந்தா, ஆராதனை முடிஞ்சதும் நேரா டாக்டர்ட்ட போங்க." போதகர் அல்லேலூயா சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார். பிபினுக்கு போன் போட்டு வீடியோவை எடுக்கச் சொன்னாள். அவன் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் தெரியுமா என்று இழுத்தான். "அத்தனை பேரும் எனக்க காலைப் பாக்கட்டும்" என்றாள்.

அதை அவள் சும்மா சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ஜாஸ்மி புரைக்குள் நுழைந்தபோது சுவரில் நான்காவதாக ஒரு படம் தொங்கியது. தட்டுப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே சட்டத்தில், நேசம்மாளின் வலது பாதம். இரண்டு விரல் இருந்த இடத்தில் தையல்.

"அம்மா, என்னம்மா இது! ஆளுக்கு ஆளு வாற எடம். எடுத்துரு. தட்டுப் படத்தையும் எடுத்துரு."

"தட்டை எதுக்கு எடுக்கணும்? அது பொய்யா?"

"பொய் இல்ல."

"காலு பொய்யா?"

"இல்ல."

"பெறவென்ன? ரெண்டும் கெடக்கட்டும்."

ஜாஸ்மி வாங்கிக் கொடுத்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நேசம்மாள் செம்பில் இறங்கினாள். பூட்ஸ் போட்டு மிதித்த இலையில் எண்ணெய் எப்படி இறங்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே, ஓரமாக, பிறகு நடுவாக மிதித்தாள்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். மணவாளக்குறிச்சிப் பக்கம், நடுத்தர வயது, கையில் ஒரு காலிக் குப்பி. வீடியோ பார்த்து வந்ததாகச் சொன்னான். அம்மைக்குச் சுகர், குதிகாலில் புண், ஆறவில்லை, அவளுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். "அந்தக் கிராம்பு எண்ணெய் கொஞ்சம் தாங்க அக்கா. கிருமி எல்லாம் செத்துருமாமே."

"சாவும்" என்றாள் நேசம்மாள் செம்புக்குள் இருந்தபடி. "பல்லுவலியா, தாறேன். தரை தொடைக்கணுமா, தாறேன். புண்ணுக்குக் கிடையாது. அன்னா, அந்தச் சுவரைப் பாரும்."

அவன் பார்த்தான். தட்டைப் பார்த்தான், காலைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான். ஒன்றில் மருந்து ஜெயித்திருக்கிறது, ஒன்றில் தோற்றிருக்கிறது. குழம்பிப்போய்க் கேட்டான்.

"இதுல எது அக்கா உண்மை?"

"ரெண்டும் உண்மை. ரெண்டும் எனக்க எண்ணெய்தான்." நேசம்மாள் மிதிப்பதை நிறுத்தி, விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, அவனை நேராகப் பார்த்தாள். "உம்ம அம்மைக்கு இருக்கது தட்டா, காலா?"

அவன் காலிக் குப்பியைப் பைக்குள் வைத்தான். ஆசாரிப்பள்ளத்துக்கு எங்கே பஸ் ஏற வேண்டும் என்று ஜாஸ்மியிடம் கேட்டான். அவள் சட்டைக் கையை ஏற்றிவிட்டு, தழும்பு விழுந்த கையால் ரோட்டைக் காட்டினாள்.